கோவிவனும் கறுப்பனும்

கோயிலிலே நாய் உண்டு! வயிரவர் சிலைக்குப் பின்னே, கல்லால் ஆனது, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கிறது. தேய்பிறை எட்டாம் நாள் வந்துவிட்டால் வயிரவருக்கு வடைமாலை. அவர்தம் வாகனத்துக்கும் பூ, பொட்டு, புகை! அதே கோயிலின் வாயிலிலே, அந்த வடையின் மணத்தை முகர்ந்தபடி, எலும்பும் தோலுமாக உயிருள்ள நாய் ஒன்று படுத்திருக்கும். அதற்குக் கிடைப்பது என்ன? விரட்டு! கல்நாய்க்குக் கற்பூரம், உயிர்நாய்க்குக் கல்லெறி! மயிலை மாடவீதிகளில் நாள்தோறும் நடப்போருக்கு இது பழகிப்போன காட்சி.

"இதைத்தான் எத்தனையோ முறை எழுதியாயிற்றே" என்று தோழர்கள் முணுமுணுக்கக் கூடும். பொறுங்கள். இன்று நாம் சொல்ல வந்தது வேறு. இறந்துபோன ஒரு நாயைப் பற்றி. அதன் சாம்பலை இட்டுவைக்க ஒரு கலம் தேடி, மயிலைக்கும் தியாகராய நகருக்குமாக நாம் அலைந்ததைப் பற்றி. அப்படி அலைந்தபோது இரு தரப்பார் நம்மை எள்ளி நகையாடியதைப் பற்றி. ஒரு தரப்பார் வைதீகர். மறு தரப்பார்... நம்மவர்!

வைதீகர் நகைப்பு நமக்குப் புதிதா? அது மழை போல. குடையை விரித்தால் போகிறது. நம்மவர் நகைப்புத்தான் தைத்தது. நெடுங்காலம் நம்மோடு மேடையேறி வரும் தோழர் ஒருவர், நல்லவர், நாவன்மை மிக்கவர், வீட்டுக்கு வந்தார். செய்தியைக் கேட்டார். "என்னய்யா இது? சாம்பலை வீட்டிலே வைப்பதா? இன்றைக்குச் சொம்பு வைப்பீர். நாளைக்குப் படம் மாட்டிப் பொட்டு வைப்பீர். ஆண்டு திரும்பினால் திவசமும் கொடுப்பீரோ? பகுத்தறிவு பேசும் வீட்டிலா இந்தக் கூத்து!" என்றார், சிரித்தார். கூடத்தின் மூலையிலே நம் மகள், பன்னிரண்டு வயதினள், நாய் நீர் குடிக்கும் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். குடிக்க ஆளில்லாத கிண்ணம்! அவள் சிரிக்கவில்லை. அன்றிரவு படுக்கப் போகுமுன் கேட்டாள்: "அப்பா, பகுத்தறிவு இருந்தா அழக்கூடாதா?"

மேடையிலே ஆயிரம் கேள்விக்கு விடை கூறியிருக்கிறோம். இதற்கு உடனே விடை வரவில்லை.

அவன் பெயர் கறுப்பன். நாயை 'அவன்' என்பதா என்று இலக்கணப் புலவர்கள் புருவத்தை நெரிக்க வேண்டாம். உவப்பினால் திணை மயங்கலாம் என்று அவர்களுடைய இலக்கணமே இடம் தந்திருக்கிறது. 2015 டிசம்பரில் வந்தான். அடையாறு கரைபுரண்டு, சைதையும் கோட்டூர்புரமும் நீரில் மூழ்கிக் கிடந்த நாட்கள் அவை. உணவுப் பொட்டலம் சுமந்து சென்ற இளைஞர் கூட்டத்தோடு நாமும் போயிருந்தோம். திரும்பும்போது காலிக் கூடையிலே ஒரு குட்டி! யார் போட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. நனைந்த கரித்துண்டு போல நடுங்கிக்கொண்டிருந்தது. நம் நிறம்! ஆகவே கறுப்பன் என்றே பெயரிட்டோம்.

வீரன் அல்லன். திருடன் எவனையும் அவன் பிடித்ததில்லை. தீபாவளி வந்தால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்வான்; அந்த ஒரு பண்டிகையை வெறுப்பதிலே நம் கட்சி! மற்ற நாளெல்லாம் வாசற்படியில் படுத்திருப்பான். மகள் பள்ளி விட்டு வரும் வேளைக்கு மட்டும், கடிகாரம் பார்த்தவன் போல எழுந்து நிற்பான். அவ்வளவுதான் அவன் வரலாறு. பத்தாண்டு வரலாறு!

சென்ற ஐப்பசியில் சிறுநீரகம் பழுதுற்றது. வயது முதிர்ந்த நாய்களுக்கு வருவதுண்டு; தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும், உணவை வெறுக்கும், நாளுக்கு நாள் உடல் இளைக்கும். மருத்துவர் எதையும் மறைக்கவில்லை. இன்னொன்றும் சொன்னார்: "கால்தடம் எடுத்துவைக்க விருப்பமிருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள். உயிர் போன சில மணி நேரத்தில் விரல்கள் விறைத்துப்போகும். தடம் சரியாக விழாது." பொம்மை செய்யும் களிமண்ணை அடை போலத் தட்டி, அவனுடைய முன் வலக்காலை அழுத்தினோம். மெத்தென்ற பாதம். மறுப்பின்றிக் கொடுத்தான், வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள் என்பது போலப் பார்த்தான். நான்காம் நாள் விடியலில் இறந்தான்.

அடையாற்றிலே தோட்டத்தோடு வீடு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "என் மாமரத்தடியில் புதைத்துக்கொள்ளுங்கள்" என்றார். நல்ல உள்ளம்! ஆனால் புதைப்பதென்றால் மூன்று நான்கு அடியாவது தோண்ட வேண்டும். கிணற்றுக்கும் குழாய்க்கும் எட்டத்தில் இருக்க வேண்டும். இல்லையேல் மற்ற நாய்கள் தோண்டிவிடும், நீரும் கெடும். அந்த அடைமழையில், ஆற்றங்கரை மண்ணில், இரண்டடியிலேயே ஊற்றெடுத்தது. ஆகவே எரிப்பது என்று முடிவாயிற்று.

உடலைத் துணியில் சுற்றி வண்டியில் ஏற்ற வேண்டும். "நாய் வயிரவருடைய வாகனம் சார், வீட்டுல வளர்த்தது பெரிய புண்ணியம்" என்று முதல்நாள் வரை உபதேசித்த அடுத்த வீட்டுப் பெரியவர், அந்த வேளையில் சன்னலைச் சாத்திக்கொண்டார். தீட்டாம்! மறுமுனையைப் பிடித்துத் தூக்கியவர் நம் தெருவைப் பெருக்கும் தூய்மைப் பணியாளர் அம்மையார். "பாவம், என் துடைப்பத்தைக் கண்டா ஓடியாருவான்" என்று சொல்லிக்கொண்டே தூக்கினார். தோழர்களே, இந்த நாட்டின் நெடுங்கதை அந்த ஒரு நொடியில் அடங்கிவிட்டது! பசுவைத் தொழுவான் ஒருவன். அது செத்தால் இழுத்துச் செல்ல வேறொருவன். தொழுதவன் உயர்ந்த சாதி, இழுத்தவன் தீண்டத்தகாதவன் என்று எழுதிவைத்தார்களே, அதன் மிச்சம்தான் அந்தச் சாத்திய சன்னல்.

எரியூட்டும் இடத்திலே ஒரு கேள்வி கேட்டார்கள்: தனியாக எரிப்பதா, பிறவற்றோடு சேர்த்து எரிப்பதா? இதை அறியாதவர் பலர். சேர்த்து எரித்தால் சாம்பல் கலந்துவிடும். பிறகு எந்தக் கலத்தில் வைத்தாலும் அதில் இருப்பது யாரோ! சாம்பல் வேண்டும் என்போர் தொடக்கத்திலேயே தனித்து எரிக்கச் சொல்லி, உறுதிப்படுத்திக்கொள்வது நன்று. ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்துக்கு மேல் தசையும் நீரும் புகையாகி, ஆவியாகிப் போய்விடும். எஞ்சுவது எலும்பின் கனிமம். கால்சியம் பாஸ்பேட் என்று வேதியியலார் கூறும் வெண்பொருள். அதைப் பொடித்துத் தருகிறார்கள். கிலோவுக்கு ஏறத்தாழ 36 மில்லிலிட்டர் என்று கலத்தின் அளவைக் கணக்கிடுவது வழக்கம். கறுப்பன் நோய்க்கு முன் 14 கிலோ. ஆக, அரை லிட்டர் கொள்ளும் கலம். பத்தாண்டு வாசலை அடைத்துக் கிடந்தவன், அரை லிட்டர்!

அந்தப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தபோதுதான் வழக்குத் தொடங்கியது.

அன்னையார் முதலில் பேசினார்: "சாம்பலை வீட்டுல வெச்சா ஆகாதுடா கண்ணு. கடல்ல கரைச்சுடு." ஏன் ஆகாது என்று கேட்டோம். "அப்படித்தான் சொல்லுவாங்க." யார் சொல்வார்கள்? அதற்கு விடையில்லை. சன்னல் பெரியவரோ இன்னும் ஒருபடி மேலே போனார். சஞ்சயனம் செய்யலாம், அதற்கு ஆள் இருக்கிறார், தட்சணை அதிகமாகாது, பத்தாம் நாள் நான்கு பேருக்குச் சோறு போட்டுவிட்டால் அடுத்த பிறவியில் அந்த உயிர் மனிதப் பிறவி எடுக்கும் என்றார். மனிதப் பிறவி உயர்ந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்? சன்னலைச் சாத்தியவரும் அந்தப் பிறவி எடுத்தவர்தானே!

அன்னையாரையும் அந்தப் பெரியவரையும் நாம் ஒரே தட்டில் வைக்கவில்லை. இட்லியைப் பிய்த்துக் கறுப்பனுக்கு ஊட்டியவர் அன்னையார். அவர் துயரம் பழைய சொற்களை உடுத்திக்கொண்டு வந்தது, அவ்வளவே. ஆனால் சொல்லிலே உண்மை உண்டா என்று பார்க்கத்தானே வேண்டும்? சாம்பல் என்பது எலும்பின் சுண்ணம். வீட்டில் இருந்தால் கேடு செய்யாது. கடலில் கரைத்தால் மோட்சமும் தராது. செடியின் வேரிலே கொட்டினால் மட்டும், அதன் காரமும் உப்பும் செடியைக் கருக்கிவிடக் கூடும். நிறைய மண்ணோடு கலந்து தூவ வேண்டும். இவ்வளவுதான் அதன் ஆற்றல்! ஆகவே எங்கே வைப்பது என்பது அச்சத்தால் முடிவு செய்ய வேண்டியதன்று. அன்பால் முடிவு செய்யலாம்.

அங்கேதான் நம் தோழர் குறுக்கிடுகிறார். "அன்பு இருக்கட்டும். அறிவு என்ன சொல்கிறது? இறந்தது இறந்தது. சாம்பலுக்குக் கலம் எதற்கு?" நேர்மையான கேள்வி. ஏளனத்தைக் கழித்துவிட்டு அந்தக் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

செங்கம் வட்டாரத்திலே எடுத்தனூர் என்றோர் ஊர். அங்கே ஒரு நடுகல். முதலாம் மகேந்திரவர்மன் என்னும் பல்லவ மன்னனின் 34 ஆம் ஆட்சியாண்டில், அதாவது 7 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நட்டது. கருந்தேவக்கத்தி என்பான் தன் எருமைகளைக் காக்கப் போராடி மாண்டான். அவனுக்காக எடுத்த கல் அது. அந்தக் கல்லிலே அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. செதுக்கியதோடு விட்டார்களா? இல்லை! அதன் பெயரையும் பொறித்தார்கள். கோவிவன்! அந்தக் கோவிவன் கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று செய்தியையும் பொறித்தார்கள்.

எண்ணிப் பாருங்கள்! எத்தனையோ குறுநில மன்னரின் பெயர் காற்றோடு போயிற்று. எருமை மேய்த்தவன் வீட்டு நாயின் பெயர் 1400 ஆண்டு கடந்து நம் கைக்கு வந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டின் சொற்களிலே அந்த நாய் தெய்வ வடிவம் என்று இல்லை. சொர்க்கம் புகுந்தது என்றும் இல்லை. இருப்பது பெயர், செய்த செயல், அவ்வளவே. விழுப்புரம் பக்கத்து அரசலாபுரத்திலே சண்டைச் சேவல் ஒன்றுக்குக் கல் இருக்கிறது. முகையூர் மேற்சேரிக்காகப் போரிட்டு மாண்ட கோழி என்று அதுவும் பெயர்சுட்டி நிற்கிறது. இறந்ததை மறவாமல் எழுதிவைப்பது, தோழரே, மூடநம்பிக்கையன்று. அதற்கு வரலாறு என்று பெயர்!

மூடநம்பிக்கை எங்கே நுழைகிறது? அதற்கும் ஒரு கல்லைக் காட்டுவோம். கன்னட நாட்டிலே, இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூர். 949 இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான் அல்லவா? அந்தப் போரில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் பக்கம் நின்றவன் மணலேரன். மகிழ்ந்த மன்னன், வேண்டியதைக் கேள் என்றான். மணலேரன் கேட்டது பொன்னன்று, ஊரன்று. மன்னனுடைய வேட்டை நாயைக் கேட்டான்! காளி என்பது அதன் பெயர். அந்தக் காளி ஒரு பெரிய பன்றியோடு பொருது, இரண்டும் மாண்டன. கல் நட்டார்கள், நாயும் பன்றியும் மோதும் காட்சியைச் செதுக்கினார்கள். இன்றும் பெங்களூர் அருங்காட்சியகத்தில் காணலாம். இதுவரை நன்று. பிறகு? கல்லுக்குப் பூசை என்றார்கள். பூசைக்கு நிலம் என்றார்கள். பூசாரி வந்தான். கல்லைத் தொழாமல் உணவு உண்டால் பாவம் சேரும் என்று அந்தப் பூசாரிக்கே எச்சரிக்கையும் பொறித்தார்கள்! கோவிவனுக்கும் காளிக்கும் இடையே 300 ஆண்டுதான். அதற்குள் நினைவுக்கு நிலமும் பூசாரியும் முளைத்துவிட்டன.

பாரதக் கதையையும் சொல்லிவிட வேண்டும். தருமனோடு ஒரு நாய் மேலுலகம் வரை நடந்து வருகிறது. நாயை விட்டுவிட்டு வா என்கிறான் இந்திரன். மாட்டேன் என்கிறான் தருமன். அந்த இடம் வரையில் அருமையான கதை. நாமும் மகளுக்குச் சொல்லியிருக்கிறோம். அடுத்த நொடியே அந்த நாய் நாயல்ல, அறக்கடவுள் என்று முடித்துவிடுகிறார்கள்! ஏன்? நாய் நாயாகவே இருந்து அன்புக்குரியதாக இருக்கக்கூடாதா? அதற்குள்ளே ஒரு தேவன் ஒளிந்திருந்தால்தான் மதிப்பா? எருமை மேய்த்தவன் ஊரார்க்கு இந்த ஐயம் எழவில்லை.

"இதெல்லாம் பழங்கதை, அறிவியல் உலகில் யார் நாய்க்கு நினைவுச் சின்னம் வைக்கிறார்?" என்று தோழர் கேட்பாரானால், பாவ்லோவ் வைத்தார் என்போம். உடலியல் ஆய்வுக்கு நோபெல் பரிசு பெற்றவர். நாய்களை வைத்தே ஆய்ந்தவர். 1935 இல் லெனின்கிராடிலே தம் ஆய்வு நிலையத்துத் தோட்டத்தில், ஆய்வுக்கு உயிர் கொடுத்த நாய்களுக்காக ஒரு நினைவுச் சின்னம் எழுப்பச் செய்தார். அவர் அறிவு அதனால் மழுங்கிவிட்டதா?

இனிக் கடைத்தெருவுக்குப் போவோம்.

நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயரைத் தாங்கும் நகர். பனகல் அரசர் பெயரில் பூங்கா. சுயமரியாதைச் சிங்கம் சௌந்தரபாண்டியனாரின் பெயரைச் சுருக்கிச் சிதைத்த பாண்டி பஜார். அந்தப் பாண்டி பஜாரிலே, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாத்திரக் கடை ஏறி இறங்கினோம். பித்தளைச் சொம்பு, செப்புக் கலசம், வெள்ளிச் சம்புடம், எவர்சில்வர் தூக்கு! ஒரு கடையிலே விற்பனையாளர் பரிவோடு கேட்டார்: "அஸ்திக்கா சார்? வீட்டுல பெரியவங்களா?" இல்லை, நாய்க்கு என்றோம். சற்றுத் தயங்கினார். பிறகு கேட்டார்: "ஜாதி நாயா சார்?"

ஜாதி நாய்! வழக்கில் உள்ள சொல்தான். எத்தனையோ முறை காதில் விழுந்திருக்கிறது. சாம்பலைச் சுமந்துகொண்டு கேட்டபோதுதான் அதன் முழு நஞ்சும் விளங்கியது. சீமையிலிருந்து வந்தால் ஜாதி நாய். தெருவிலே பிறந்தால் சாதி கெட்ட நாய்! ஜாதி நாய்க்குப் பளிங்குக் கலம், பெயர் பொறித்த பித்தளைத் தகடு. தெருநாய்க்குக் குப்பை வண்டி. நாட்டு நாய்களிலும் இராசபாளையத்துக்கு ஒரு தனி மரியாதை. 2005 இல் அஞ்சல் தலையிலும் ஏறிற்று. சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று வரிசை உண்டு. மகிழ்ச்சியே! ஆனால் வரிசைக்கு வெளியே ஒருவன் எப்போதும் நின்றுகொண்டிருக்கிறானே, மனிதரிலும் நாயிலும்! பிறப்பைக் கேட்டுத்தான் மதிப்புத் தருவோம் என்னும் பழக்கம், இறந்த நாயின் சாம்பலைக்கூட விட்டுவைக்கவில்லை. "கறுப்பு ஜாதி" என்று மகள் விடை கூறினாள். அந்த விற்பனையாளருக்கு விளங்கவில்லை. நமக்கு விளங்கியது.

செப்புக் கலசம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் வடிவமே பூசைக்கு உரியது; தேங்காயும் மாவிலையும் கேட்கும் வடிவம். அதை வீட்டில் வைத்தால், அன்னையார் ஒருநாள் பூ வைப்பார். மறுநாள் விளக்கு வரும். ஆதகூர்க் கதை மயிலையிலே தொடங்கிவிடும். எவர்சில்வர் தூக்கோ எண்ணெய்க் கடையை நினைவூட்டியது. வேண்டாம் என்று திரும்பினோம்.

இப்போது அயல்நாட்டுச் சரக்கும் வீடு தேடி வருகிறது. சாம்பலில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி மணிக்குள் அடைத்துக் கழுத்தில் மாட்டும் பதக்கம், ஒளிப்படம் செருகும் மரப்பேழை, இவற்றோடு ஒரு வாசகமும்: உங்கள் செல்லம் வானவில் பாலத்தில் காத்திருக்கிறது! இறந்த விலங்குகள் பசும்புல் வெளியிலே விளையாடிக்கொண்டிருக்குமாம். உரியவர் இறந்து வந்ததும் சேர்ந்து பாலத்தைக் கடக்குமாம். இந்தக் கற்பனையை 1959 இல் எழுதியவர் எட்னா கிளைன்-ரேகி என்னும் ஸ்காத்லாந்துப் பெண்மணி. அப்போது 19 வயது. மேஜர் என்ற தம் நாய் இறந்த துயரத்தில் எழுதினார். பெயர் அறியப்படாமலே உலகெங்கும் பரவி, 2023 இல்தான் எழுதியவர் இன்னார் என்று வெளிப்பட்டது. அந்தப் பத்தொன்பது வயதுத் துயரத்தை நாம் நகையாடமாட்டோம். ஆனால் வைகுண்டத்தை வேண்டாம் என்றவர்கள் வானவில்லில் ஏறிக்கொள்வதா? மகளிடம் அதைக் கூறினோம். "காத்திருக்கான்னு சொன்னா பாவமா இருக்குப்பா. இங்கேயே பத்து வருஷம் காத்திருந்தான்" என்றாள்.

அதே 1959 இல், இதே தியாகராய நகரில், வேறொன்று நடந்தது. விமானி கேப்டன் சுந்தரம், மழைவெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளை வீட்டுக்கு எடுத்து வந்தார். புளூ கிராஸ் அமைப்பு அப்படித் தொடங்கியது என்பது அவ்வமைப்பார் கூறும் வரலாறு. கருத்தடை செய்தும் தடுப்பூசி போட்டும் தெருநாய்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தலாம், கொல்ல வேண்டியதில்லை என்று 1964 முதலே அவர்கள் வலியுறுத்தினர். சென்னை மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது 1996 இல். அடையாற்றிலே ருக்மிணி தேவி அருண்டேல்; கொள்கையிலே அவருக்கும் நமக்கும் காத தூரம்; ஆனாலும் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960 இல் வந்ததற்கு அவர் உழைப்பு பெரிது; 1962 இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு முதல் தலைவரும் அவரே. கலத்துக்குச் செலவிடும் பணத்தை உயிரோடிருக்கும் நாய்க்குச் செலவிடலாமே என்று தோழர் கேட்டிருந்தால், அந்தக் கேள்விக்கு நாம் தலைவணங்கியிருப்போம். வெறிநோய்த் தடுப்பூசி ஒன்று, தெருவில் விளையாடும் குழந்தைக்கும் காவல், நாய்க்கும் காவல். அப்படியே செய்தோம், செப்புக் கலசத்தின் விலை, தெருவிலுள்ள மூன்று நாய்களுக்கு ஊசியாயிற்று.

கலம்? அதற்கு மண் இருக்கிறதே! 1899 இல் அலெக்சாந்தர் ரீ ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுக்கத் தொடங்கிய தாழிகளை எழும்பூர் அருங்காட்சியகத்திலே கண்டிருப்பீர்கள். மாண்ட மனிதரை மண்கலத்திலே வைத்த மரபு நம்முடையது. கணவனை இழந்தாள் ஒருத்தி, தனக்கும் இடமிருக்கும்படி தாழியை அகலமாக வனையுமாறு குயவனைக் கேட்பதாகப் புறநானூற்றிலே ஒரு பாட்டு உண்டு. ஆகவே கொசப்பேட்டைக்குப் போனோம். பிள்ளையாரும் கொலுப் பொம்மையும் செய்து தரும் குயவர் தெரு. பிள்ளையார் செய்யும் கையிலே நாய்க்குக் கலமா என்று நாம் சற்றுக் கூசினோம். அந்தக் குயவருக்கு அப்படியொரு கூச்சமும் இல்லை. "மண்ணு எல்லாத்துக்கும் ஒண்ணுதாங்க" என்றார்.

அளவைச் சொன்னோம். காய்ந்தால் சுருங்கும், சுட்டால் மேலும் சுருங்கும் என்று கொஞ்சம் பெரிதாகவே வனைந்தார். மெருகிடாத மண்கலம் ஈரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில் சாம்பல் கட்டிதட்டும், ஆகவே உறையில் கட்டி உள்ளே வையுங்கள் என்று அவரே கூறினார். மூடிக்குக் குமிழ் வேண்டுமா என்றார். வேண்டாம், தட்டையாக இருக்கட்டும் என்றோம். கால்தடம் பதிந்த களிமண்ணும் காய்ந்துபோயிருந்தது. அதையும் சூளையில் சேர்த்துச் சுட்டுத் தர ஒப்புக்கொண்டார்.

கலம் சூளையேறிய வாரத்திலே, அன்னையார் ஒரு பிடிச் சாம்பலைக் கேட்டார். கொடுத்தோம். பெசன்ட் நகர்க் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். ஐயர் இல்லை, மந்திரம் இல்லை, எள்ளும் தண்ணீரும் இல்லை. முழங்கால் வரை சேலை நனைய நின்று, கையை விரித்து, "போயிட்டு வாடா" என்றார். எங்கே போவது, எப்படி வருவது என்று நாம் கேட்கவில்லை. அழக்கூடாதா என்று கேட்டவள், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாமும் அழுதோம்.

எழுத்தை மட்டும் முன்னரே முடிவு செய்ய வேண்டியிருந்தது. பச்சை மண்ணில் ஆணியால் கீறிச் சுட்டால் என்றைக்கும் அழியாது என்றார் குயவர். கீழடிப் பானையோடுகளிலே ஆதன் என்றும் குவிரன் என்றும் கீறிய பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாக நிற்கின்றனவே! பெயர், ஆண்டு, பிறகு கோவிவனுக்குப் போல ஒரு செயல் என்று நாம் எழுதிக் கொண்டுபோயிருந்தோம்: "கறுப்பன். 2015 – 2025. வெள்ளத்தில் வந்தான். தெருவைக் காத்தான்." தாளை வாங்கிப் பார்த்த மகள், கடைசி வரியில் விரலை வைத்தாள்.

"காக்கலையேப்பா. தூங்கிட்டுத்தானே இருந்தான்?"

குயவர் ஆணியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மகள் சற்று எண்ணினாள். பிறகு அவள் கூறியபடியே அவர் கீறினார்: "வாசலில் படுத்திருந்தான்."